ராக்லனில் வேனை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: நவம்பரில் நியூசிலாந்தின் வடக்குத் தீவில் கேம்பர்வேன் எடுத்துப் பத்து நாள் சுற்றுகிறோம். கணவன், மனைவி, எட்டு வயதிலும் பன்னிரண்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள். நடுவில் ராக்லனில் ஒரு ராத்திரி தங்க ஆசை. அங்கே காற்று பிய்த்துக்கொண்டு போகும் என்கிறார்கள். கடலைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தித் தூங்கலாமா, பிள்ளைகள் சர்ஃபிங் கற்றுக்கொள்ள முடியுமா, ஒரு ராத்திரி போதுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். போதாது, இரண்டு ராத்திரி வையுங்கள். ஒன்றைக் காற்று எடுத்துக்கொள்ளும், மற்றது உங்களுக்குக் கிடைக்கும். நான் ஹாமில்டனில் குடியிருக்கிறேன். அங்கிருந்து ராக்லன் 48 கிலோமீட்டர்தான், அதனால் வானிலை பார்த்துக் கிளம்பும் வசதி எனக்கு உண்டு. பத்து நாள் திட்டத்தோடு வருகிற உங்களுக்கு அது கிடையாது. வந்த நாளில் என்ன காற்றோ அதுதான்.

காற்று ஏன் இப்படி அடிக்கிறது என்பதை ஊருக்குள் நுழைவதற்கு முன்பே பார்த்துவிடலாம். ஹாமில்டனிலிருந்து 23-ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே வரும்போது, தே உக்கு என்ற சிற்றூர்ப் பக்கம் இடது கைப்புறம் மலைமேட்டில் காற்றாலைகள் தெரியும். மொத்தம் 28. 2011-லிருந்து சுற்றிக்கொண்டிருக்கின்றன. காற்று சும்மா வந்து போகிற இடத்தில் யாரும் காசைக் கொட்டிக் காற்றாலை நடமாட்டார்கள். ராக்லன் மேற்குக் கடற்கரை ஊர். எதிரே டாஸ்மன் கடல், அதைத் தாண்டினால் ஆஸ்திரேலியா. நடுவில் காற்றைத் தடுக்க ஒரு மேடும் இல்லை. அதிலும் இங்கே செப்டம்பர் முதல் நவம்பர் வரை வசந்த காலம், மேற்குக் காற்றுக்கு அதுதான் கொண்டாட்டம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்போமே, நியூசிலாந்தில் ஆடி ஐப்பசியில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வண்டியை நிறுத்தும் விஷயம். வேனில் போகிற எல்லாருக்கும் ஒரே கனவு: படுக்கையில் கிடந்தபடி பின்கதவைத் திறந்தால் எதிரே கடல். எனக்கும் அதே கனவுதான் இருந்தது. முதல் தடவை வாடகை வேன் எடுத்துப் போனபோது பின்பக்கம் கடலைப் பார்க்கும்படி நிறுத்தினேன். சாயங்காலம் அழகாக இருந்தது. இரவு பதினொரு மணி வாக்கில் எதையோ எடுக்க ஓட்டுநர் கதவை ஒரு சாண் திறந்தேன், அவ்வளவுதான். கதவு என் கையில் இல்லை. பின்னாலிருந்து வந்த மேற்குக் காற்று அந்த இடுக்கில் புகுந்து கதவை முன்பக்கமாக விசிறி அடித்தது. கீல் வளைந்துவிட்டது, கதவு சாத்தவில்லை. மறுநாள் சாமான் கட்டும் பட்டையால் கதவை இழுத்துக் கட்டிக்கொண்டு, அந்தப் பக்க ஜன்னல் விசிலடிக்க, ஹாமில்டன் வரை ஓட்டினேன். வாடகைக்குக் கொடுத்தவர்களிடம் பேச ஒன்றும் இல்லை. ஒப்பந்தத்தில் நான் ஏற்றுக்கொண்ட தொகையை நான்தான் கட்டினேன். நியாயம்தான்.

கார், வேன் முன்கதவுகளுக்குக் கீல் முன்னால் இருக்கிறது, திறக்கிற வாய் பின்பக்கம். வண்டியின் மூக்கு காற்றைப் பார்த்து நின்றால், காற்று கதவைச் சாத்தப் பார்க்கும். திறக்கக் கொஞ்சம் பலம் வேண்டும், கை நசுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வேறு சேதம் இல்லை. முதுகைக் காட்டி நின்றால் அதே காற்று கதவைப் பிடுங்கும். பின்கதவைத் தூக்கி அதன் நிழலில் சமைக்கிற வகை வண்டியாக இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. மூக்கு காற்றுக்கு என்றால் சமையல் மறைவில் நடக்கும், அடுப்புச் சுடர் அணையாது. பிள்ளைகள் இருக்கிற வண்டியில் ஒரு சட்டமே போட்டுவிடுங்கள்: பெரியவர்கள் கை வைக்காமல் எந்தக் கதவும் திறக்கக்கூடாது.

பக்கவாட்டில் காற்று வாங்குவதுதான் எல்லாவற்றிலும் மோசம். காற்றின் வேகம் இரட்டிப்பானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. ஆறு மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரம் உள்ள வண்டியின் பக்கச்சுவரில் மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று நேராக மோதினால், கிட்டத்தட்ட 250 கிலோ எடை சாய்ந்து நிற்பது மாதிரி. மூன்று டன் வண்டி அதற்குக் கவிழாது, பயப்பட வேண்டாம். ஆனால் காற்று ஒரே சீராகவும் அடிக்காதே. விட்டு விட்டு அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் வண்டி ஸ்பிரிங்கில் ஆடி, நிற்கும். நீங்கள் கண்ணை மூடுவீர்கள், மறுபடி ஆடும். ராத்திரி முழுக்க யாரோ தொட்டில் ஆட்டுவது போல இருக்கும், ஆட்டுகிறவருக்குத் தாளம் தெரியாது, அதுதான் கஷ்டம்.

சரி, மேற்குக் காற்று என்றால் மேற்கே பார்த்து நிறுத்தினால் போதுமா? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். நியூசிலாந்தில் குளிர்முகப்பு ஒன்று, அதாவது குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு, கடந்து போகும்போது காற்றின் திசை பட்டென்று மாறும். முகப்பு வருவதற்கு முன் வடமேற்கிலிருந்து வெதுவெதுப்பாக அடித்துக்கொண்டே வலுக்கும். ஒரு மழை. அப்புறம் தென்மேற்கிலிருந்து சில்லென்று வீசும். இந்த மாற்றம் சில நிமிடங்களில் நடந்துவிடும். சாயங்காலக் காற்றைப் பார்த்து வடமேற்கு நோக்கி நிறுத்தியவர், நள்ளிரவில் முழுப் பக்கத்தையும் தென்மேற்குக்குக் கொடுத்துக்கொண்டு கிடப்பார். அதனால் நிறுத்தும்போது முகத்தில் படுகிற காற்றை மட்டும் பார்க்காதீர்கள். மெட்சர்வீஸ் என்பது இந்த நாட்டின் வானிலைச் சேவை. அதன் மணிவாரி முன்னறிவிப்பில் இரவு எப்போது திசை மாறுகிறது, மாறிய பிறகு வேகம் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டில் எது வலுவானதோ அதற்கு மூக்கைக் கொடுங்கள். ஒரு சின்ன எச்சரிக்கை: தரை முன்னறிவிப்பில் கிலோமீட்டர் கணக்கு, கடல் முன்னறிவிப்பில் நாட், அதாவது மணிக்கு இத்தனை கடல்மைல் என்ற கணக்கு. 30 நாட் என்று படித்துவிட்டு, முப்பதுதானே என்று இருந்துவிடாதீர்கள். அது மணிக்கு 55 கிலோமீட்டருக்கு மேல்.

பாப்-டாப் வண்டியா, அதாவது மேல்கூரையைத் தூக்கி மேலே படுக்கை போடும் வகையா, என்று நீங்கள் சொல்லவில்லை. பிள்ளைகள் மேல் படுக்கையில் என்றால் அனேகமாக அதுதான். காற்று வலுக்கும் என்று தெரிந்தால் அன்றைக்கு மேல்கூரையைத் தூக்காதீர்கள். துணிச்சுவர் படபடவென்று அடிக்கும் சத்தத்தில் தூக்கம் வராது என்பது ஒன்று. நடுராத்திரி மழையில், காற்று உள்ளே புகுந்து உப்பியிருக்கும் கூரையைத் தனியாளாக இழுத்து மூடுவது எவ்வளவு சிரமம் என்பது இன்னொன்று. நால்வரும் கீழே நெருக்கிப் படுக்க இடம் இருக்கிறதா என்று வண்டி எடுக்கும் இடத்திலேயே படுத்துப் பார்த்துவிடுங்கள். வெயில்மறைப்புத் துணிக்கு, அதாவது ஆனிங்குக்கு, என் விதி எளிமையானது: அதன் அடியில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் அது வெளியே இருக்கும். கடைக்குப் போகிறோம், ஐந்து நிமிடம்தானே என்றாலும் சுருட்டிவிட்டுத்தான் போவேன்.

உள்ளே சமைக்கும்போது காற்றுக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் இறுக்கி மூடுவார்கள். அதைச் செய்யாதீர்கள். காற்று படாத பக்கத்து ஜன்னல் ஒன்று இரண்டு விரல் திறந்திருக்கட்டும். குளிருக்காக கேஸ் அடுப்பை எரியவிட்டு வண்டியைச் சூடாக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

எங்கே தங்குவது என்பதற்கு வருவோம். கடலோரத்தில் பகலில் நிறுத்தலாம் என்பதால் ராத்திரி தூங்கலாம் என்று ஆகிவிடாது. இங்கே ஃப்ரீடம் கேம்பிங்குக்கு, அதாவது காசு கட்டும் முகாமுக்குப் போகாமல் பொது இடத்தில் வண்டியிலேயே தங்குவதற்கு, 2011-இல் தனிச் சட்டமே வந்தது. 2023-இல் அதை இறுக்கினார்கள். வண்டிக்குள் பொருத்தப்பட்ட கழிப்பறை இருக்க வேண்டும், தண்ணீரும் கழிவும் வண்டிக்குள்ளேயே சமாளிக்கப்பட வேண்டும், அதற்கான பச்சை நிறச் சான்று கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் கையோடு தூக்குகிற பெட்டிக் கழிப்பறை ஒன்றை வைத்துக்கொண்டு சமாளித்த காலம் முடிந்தது. சான்று இருந்தாலும் ஊருக்கு ஊர் மாவட்ட மன்றத்தின் விதி வேறு. ராக்லன் வைகாட்டோ மாவட்ட மன்றத்தின் கீழ் வருகிறது. அவர்களுடைய வரைபடத்தையும் அந்த இடத்துப் பலகையையும் இரண்டையும் பாருங்கள். அபராதம் நூற்றுக்கணக்கான டாலர். அந்தக் காசில் பல ராத்திரி நல்ல இடத்திலேயே தங்கலாம்.

பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு நான் சொல்வது தே கோபுவாவில் இருக்கும் ஹாலிடே பார்க், அதாவது காசு கட்டி வண்டியோடு தங்கும் முகாம்தான். ஊரிலிருந்து நடைபாலத்தைத் தாண்டினால் துறைமுக நீர்ப்பரப்பை ஒட்டிய தட்டையான புல்வெளி. திறந்த கடல் நேரே முகத்தில் அறையாது. வெந்நீர்க் குளியல், சமையலறை, கழிவு கொட்டும் இடம் எல்லாம் ஒரே வளாகத்தில். வண்டியை நடுவெளியில் விடாமல் மரமோ கட்டிடமோ மறைக்கும் இடமாகக் கேட்டு வாங்குங்கள். ஆனால் மரத்துக்கு நேர் அடியில் வேண்டாம். அந்த நடைபாலத்திலிருந்து ஊர்ப் பிள்ளைகள் தண்ணீரில் குதித்துக்கொண்டே இருப்பார்கள். உங்கள் பன்னிரண்டு வயதுக்காரரின் கண் அங்கே போகும், இப்போதே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புல்வெளியை ஒட்டிய நிலத்துக்கு ஒரு கதை உண்டு, தெரிந்துகொண்டு படுத்தால் நல்லது. இரண்டாம் உலகப் போரின்போது விமான இறங்குதளத்துக்கென்று அரசு அந்தப் பக்கத்து நிலத்தை நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. போர் முடிந்தும் திருப்பித் தரவில்லை. ஒரு பகுதி கோல்ஃப் மைதானமாயிற்று, அவர்களுடைய மூதாதையரைப் புதைத்த இடம் உட்பட. ஈவா ரிக்கார்டு என்ற பெண்மணி அதற்காகப் போராடினார். 1978-இல் அந்த மைதானத்திலேயே அவரும் கூட இருந்தவர்களும் கைதானார்கள். கோல்ஃப் மைதான நிலம் பின்னர் திரும்பக் கிடைத்தது. ராக்லன் என்பது ஒரு பிரிட்டிஷ் தளபதியின் பெயர். ஊரின் மாவோரிப் பெயர் ஃபாயிங்கரோவா. பலகைகளில் இரண்டையும் பார்ப்பீர்கள்.

இனி அலை. ராக்லனின் புகழெல்லாம் மானு பே என்ற இடத்தால் வந்தது. கரியோய் என்ற 756 மீட்டர் உயர அணைந்த எரிமலையின் அடிவாரத்தில், பாறை முனையைச் சுற்றிக்கொண்டு தென்மேற்கு அலைகள் வளைந்து வரும். சர்ஃபர் பார்வையில் இடது பக்கமாக, நீளமாக, ஒரே ஒழுங்கில் உடைந்துகொண்டே போகும். இடதுகை அலை என்று உலகம் முழுக்கத் தேடி வருகிறார்கள். போய்ப் பாருங்கள், அரைமணி நேரம் உட்கார்ந்து வேடிக்கை பாருங்கள், பிள்ளைகளை இறக்காதீர்கள். அடியில் உருண்டைப் பாறை, அலைக்கு வரிசை முறை, தெரியாமல் அடுத்தவர் அலையில் புகுந்தால் திட்டு விழும்.

கற்றுக்கொள்ள ஙருனுய் கடற்கரைதான் இடம். அடி முழுக்க மணல், அலை படிப்படியாக உடையும், பயிற்சிப் பள்ளிகளும் அங்கேதான் வகுப்பு நடத்துகின்றன. நவம்பரில் தண்ணீர் குளிராக இருக்கும், உடம்பை ஒட்டிய ரப்பர் உடையான வெட்சூட் இல்லாமல் இறங்கிவிடாதீர்கள். வகுப்பை எட்டு, ஒன்பது மணிக்கே பதிவு செய்யுங்கள். மதியம் வைத்தால் அன்றைய பணம் பாதி வீண். காரணம் மறுபடி காற்றுதான். பகலில் வெயில் ஏற ஏற நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகிறது, நிலத்தின் மேல் காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வருகிறது. அது அலையின் முதுகில் தள்ளுவதால் அலை நேரத்துக்கு முன்பே சரிந்து நுரையாகிவிடும். காலையில் நிலத்திலிருந்து மெல்லிய காற்று கடலை நோக்கிப் போகும். அது அலையின் முகத்தைத் தாங்கிப் பிடிக்கும், அலை கண்ணாடி மாதிரி நிமிர்ந்து நின்று உடையும். முதல் நாள் மதியம் பார்த்துவிட்டு “இதுதானா ராக்லன்” என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் மறுநாள் காலை ஏழு மணிக்கு வாயடைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு ராத்திரி என்று சொன்னதற்குப் பாதிக் காரணம் அந்த ஏழு மணிதான்.

குளிப்பது மட்டும் என்றாலும் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில்தான். கோடைக்காலத்தில் உயிர்காப்பாளர்கள் அங்கே காவல் இருப்பார்கள். கடலுக்குள் இழுத்துப்போகிற நீரோட்டம் மேற்குக் கடற்கரை முழுக்கவே உண்டு. துறைமுக வாய்ப் பக்கம் நடந்து போய் இறங்காதீர்கள், அங்கே கடல் வற்றும்போது தண்ணீர் ஆறு மாதிரி வெளியே ஓடும். அவசரத்துக்கு எண் 111.

மணல் கறுப்பு. அழுக்கு என்று நினைத்துவிட வேண்டாம், இரும்பு கலந்த எரிமலை மணல். ஒரு காந்தம் கையில் எடுத்துப் போங்கள், எட்டு வயதுக்கு அதைவிடப் பெரிய பொம்மை கிடைக்காது. மணலில் புரட்டி எடுத்தால் காந்தத்தைச் சுற்றிக் கறுப்பாக முள் முளைத்த மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். இதே கரையோரத்தில் வடக்கே வைகாட்டோ ஆற்று முகத்தருகே இந்த மணலைத் தோண்டித்தான் கிளென்புருக் ஆலையில் இரும்பெடுக்கிறார்கள். பெரியவர்களுக்கு இதில் ஒரு தொல்லை: போனின் ஸ்பீக்கரிலும் காந்தம் இருக்கிறதே, மணலில் போனை வைத்தால் அந்தச் சல்லடைத் துளைகளில் கறுப்பு மீசை முளைக்கும். டூத் பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டியதுதான். அப்புறம், வெயில் நாளில் அந்த மணல் வெறுங்காலைச் சுட்டுவிடும். தண்ணீர் வரை செருப்போடு போங்கள்.

வண்டிக்குள் மணல் வராமல் தடுக்க முடியாது, குறைக்கலாம். வாசலில் ஒரு அகலமான பேசினில் இரண்டு விரல் தண்ணீர். காலை நனைத்துத் துடைத்த பிறகுதான் உள்ளே. காற்று மறைவுப் பக்கத்துக் கதவை மட்டும் பயன்படுத்துங்கள். மறுநாள் காலை முன்கண்ணாடியில் உப்புப் படலம் இருக்கும். வைப்பரை வறண்ட கண்ணாடியில் ஓட்டாமல் முதலில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

இரண்டாம் நாள் காற்று சகிக்கவில்லை என்றால் கடலைவிட்டு உள்ளே போங்கள். வண்டியில் போகிற தூரத்தில் வைரேய்ங்கா அருவி, பிரைடல் வெயில் என்றும் சொல்வார்கள், 55 மீட்டர் நேராக விழுகிறது. காட்டுப் பாதையில் பத்து நிமிட நடை, மரங்கள் காற்றை மேலேயே நிறுத்திவிடும். வண்டியில் பைகளைக் கண்ணில் படும்படி விட்டுப் போகாதீர்கள். கரியோயின் கடல்பக்கம் சுற்றிப்போகிற சாலை அழகுதான், ஆனால் ஒடுக்கம், கப்பிச் சாலையும் வரும். வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில் தார் போடாத சாலைக்குக் காப்பீடு கிடையாது, கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். வண்டி எடை 3,500 கிலோவுக்கு மேல் என்றால் உங்கள் உச்ச வேகம் 90, பக்கத்தில் 100 என்று பலகை இருந்தாலும். காற்று நாளில் 23-ஆம் நெடுஞ்சாலையின் மேட்டு வளைவுகளில் 70-க்கு மேல் நான் போவதே இல்லை. மண்மேட்டு மறைவிலிருந்து வண்டி வெளியே வருகிற அந்த நொடியில் ஸ்டீயரிங்கை யாரோ பக்கத்திலிருந்து இழுப்பது மாதிரி இருக்கும், இரண்டு கையும் அதில் இருக்கட்டும். பின்னால் கார்கள் சேர்ந்தால் ஒதுங்குமிடத்தில் விலகி வழிவிடுங்கள்.

ஆக உங்களுக்கு என் கணக்கு: முதல் நாள் மதியத்துக்குள் வந்து இடம்பிடித்து, முன்னறிவிப்பைப் பார்த்து மூக்கைத் திருப்பி நிறுத்திவிட்டு, சாயங்காலம் மானு பேயில் வேடிக்கை. மறுநாள் காலை ஙருனுயில் வகுப்பு, மதியம் அருவி. மூன்றாம் நாள் விடியற்காலை காற்று ஒத்துழைத்தால், அப்போது மட்டும், வண்டியை ஙருனுய் மேட்டில் இருக்கும் நிறுத்தத்துக்கு ஓட்டிப் போய்ப் பின்பக்கத்தைக் கடலுக்குத் திருப்பிக் கதவைத் தூக்குங்கள். டீ போட்டுக் குடித்து முடிக்கிற வரைக்கும் அந்தக் கனவு நிற்கும். ஈர வெட்சூட்டை மட்டும் கதவு விளிம்பில் காயப்போடாதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் அப்படிப் போட்ட என் மகனுடைய வெட்சூட்டை, கீழே புதரில் கைகால் விரித்துக் கிடந்ததைத்தான் போய் எடுத்து வந்தேன்.